பறவைக் காய்ச்சல் மனித உடம்பில் என்ன செய்கிறது?

நெதர்லாந்தில் 2003-ல் கோழிப் பண்ணைகளில் ஹெச்7என்7 பறவைக் காய்ச்சல் பரவியபோது 89 பேருக்குத் தொற்று உறுதியானது. பெரும்பாலோருக்கு வந்தது வெறும் கண்வலி. ஒரே ஒரு கால்நடை மருத்துவர் நிமோனியா வந்து இறந்தார். ஹாங்காங்கில் 1997-ல் ஹெச்5என்1 முதன்முதலாக மனிதரைத் தாக்கியபோதோ 18 பேரில் 6 பேர் இறந்துபோனார்கள். அமெரிக்காவில் 2024-ல் இதே ஹெச்5என்1-ன் வேறொரு கிளை கறவை மாடுகளுக்குத் தொற்றியது. அங்கே தொற்று உறுதியாகி ஆராயப்பட்ட பண்ணைத் தொழிலாளர்களில் 93 சதவீதம் பேருக்குக் கண் சிவந்தது. காய்ச்சல் பாதிப் பேருக்குத்தான்.

ஒருவரைக் கண்வலியோடு விட்டுவிடும் வைரஸ் இன்னொருவரை ஒரு வாரத்துக்குள் வென்டிலேட்டருக்குக் கொண்டுபோய்விடுகிறது. வைரஸ் உடம்பின் எந்த இடத்தில் இறங்குகிறது, எவ்வளவு பெருகிய பிறகு நம் எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது என்ற இரண்டையும் புரிந்துகொண்டால், நோயின் அறிகுறி, பரிசோதனை, மருந்து மூன்றும் தானாகப் பிடிபடும்.

எங்கே ஒட்டுகிறது

இன்ஃப்ளூயன்சா 'ஏ' வைரஸின் மேற்பரப்பில் இரண்டு புரதங்கள் துருத்தி நிற்கும். ஹீமக்ளுட்டினின் நம் செல்லில் ஒட்டிக்கொள்வதற்கு. நியூராமினிடேஸ் உள்ளே பெருகிய புது வைரஸ்களை அறுத்து வெளியே விடுவதற்கு. பெயரில் வரும் 'ஹெச்', 'என்' என்ற எழுத்துகள் இவற்றைக் குறிப்பவைதான்.

ஹீமக்ளுட்டினின் பிடித்துக்கொள்ளும் பொருள், செல்லின் வெளிப்புறத்தில் இருக்கும் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரை. அது அடுத்த சர்க்கரையோடு இணைந்திருக்கும் முறை இரண்டு வகை. பறவைகளின் குடலில் ஆல்ஃபா 2,3 இணைப்பு அதிகம். நம் மூக்கிலும் தொண்டையிலும் ஆல்ஃபா 2,6 அதிகம். பறவை வைரஸ் 2,3-ஐத்தான் விரும்பும். அதனால்தான் கோழியோடு புழங்கும் இத்தனை கோடிப் பேரில் மிகச் சிலருக்கே இது தொற்றுகிறது. தொற்றியவர் தும்மினாலும் பக்கத்தில் இருப்பவருக்கு எளிதில் போவதில்லை.

ஆனால் 2,3 இணைப்பு மனித உடம்பில் அறவே இல்லாமல் இல்லை. கண்ணின் வெண்படலத்தில் இருக்கிறது. நுரையீரலின் அடியாழத்தில் காற்றுப் பைகளின் சுவரிலும் இருக்கிறது. கையில் பட்டது கண்ணுக்குப் போனால் கண்வலியோடு நிற்கலாம். இறகு பறிக்கும்போது எழும் நுண்துளிகளும் எச்சத்தூசியும் மூச்சோடு அடியாழம் வரை போனால் கதை வேறு. அங்கே இறங்கும் வைரஸ் தொண்டையை அதிகம் தொந்தரவு செய்யாமலே நிமோனியாவைத் தொடங்கிவிடும்.

அடுத்த விஷயம், வெட்டு. ஹீமக்ளுட்டினின் இரண்டாக வெட்டுப்பட்டால்தான் வைரஸ் தன் மரபுப்பொருளைச் செல்லுக்குள் இறக்க முடியும். சாதாரண ஃப்ளூவுக்கு இந்த வெட்டைச் செய்யும் நொதிகள் மூச்சுப்பாதையில்தான் கிடைக்கும். ஆகவே அது அங்கேயே கட்டுப்பட்டுக் கிடக்கும். வீரியமிக்க ஹெச்5, ஹெச்7 வகைகளில் வெட்டும் இடத்தில் ஆர்ஜினின், லைசின் என்ற அமினோ அமிலங்கள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையை ஃபியூரின் என்ற நொதி வெட்டிவிடும். ஃபியூரின் உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் உண்டு. குடல், ரத்தம், சில நேரம் மூளை வரை இந்த வைரஸ் போவதற்கு இது முக்கியமான காரணம். வியட்நாமில் வயிற்றுப்போக்கும் வலிப்பும் நினைவிழப்புமாக வந்த ஒரு குழந்தைக்கு மூச்சுத்திணறலே இல்லை; தண்டுவட நீரிலும் மலத்திலும் ரத்தத்திலும் ஹெச்5என்1 இருந்தது பிறகுதான் தெரிந்தது.

"வீரியம்" என்பது கோழிக்குச் சொல்லும் அளவுகோல் என்பதையும் மறக்க வேண்டாம். சீனாவில் 2013-ல் தொடங்கிய ஹெச்7என்9 கோழிகளுக்கு ஒன்றுமே செய்யவில்லை; அவை நன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. மனிதரில் 1,500-க்கு மேற்பட்டோருக்கு வந்து, 39 சதவீதம் பேர் இறந்தார்கள். கோழி துள்ளிக்கொண்டு திரிகிறது, எனவே பயமில்லை என்ற கணக்கு எப்போதும் சரியாக வராது.

செட்டிநாட்டில் எந்த வழியாக வரலாம்

இங்கே பெரிய பண்ணையைவிடக் கொல்லைப்புறத்தைத்தான் கவனிக்க வேண்டும். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் நாட்டுக்கோழி பகலில் திறந்தவெளியில் மேய்ந்து இரவில் பஞ்சாரத்துக்குள் அடைகிறது. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் நிறைந்ததும் நீர்ப்பறவைகள் வந்து இறங்குகின்றன. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்காக ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டுவிட்டார்கள். அந்தப் பறவைகளை விரட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவை நீர் குடிக்கும் கரையில் நம் கோழியும் வாத்தும் மேய வேண்டாம், அவ்வளவுதான். வாத்து இந்த வைரஸைச் சுமந்துகொண்டே ஒரு அறிகுறியும் காட்டாமல் திரியக்கூடியது. அறுவடை முடிந்த வயலில் மேய்க்கக் கொண்டுவரும் வாத்து மந்தையை இதனால்தான் கோழிக் கொட்டிலிலிருந்து தள்ளி வைக்கச் சொல்கிறோம்.

எச்சத்தில் இந்த வைரஸ் 4 டிகிரி குளிரில் 35 நாளும், 37 டிகிரியில் 6 நாளும் உயிரோடு இருக்கும். நம் ஊர் வெயில் உதவிதான். ஆனால் வெயில் படாத பஞ்சாரத்தின் அடியும் ஈரமான கொட்டில் மூலையும் அந்தக் கணக்கில் சேராது.

கோழிகள் கொத்தாகச் செத்தால் "வெள்ளைக் கழிச்சல்" என்று முடிவுகட்டிவிடுவது வழக்கம். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் கொண்டை நீலம் பாய்வது, தலை வீங்குவது, காலில் ரத்தக்கசிவு, ஒன்றிரண்டு நாளில் கூண்டே காலியாவது ஆகியவற்றை வைத்துக் கண்ணால் பிரித்துவிட முடியாது. வெள்ளைக் கழிச்சல் எனப்படும் ராணிக்கட் நோயிலும் இதே கோலம் வரலாம். மாதிரியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். உறுதிசெய்வது போபாலில் உள்ள தேசிய ஆய்வகம். அதனால் கால்நடை மருத்துவமனைக்கோ 1962 என்ற எண்ணுக்கோ சொல்லிவிட்டு, அதுவரை செத்ததைத் தொடாமல் இருப்பதே நல்லது. சாகப்போகிற கோழியை அவசரமாக அறுத்துக் குழம்பு வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. கொதித்த குழம்பால் ஆபத்தில்லை. அதற்கு முன்னால் அறுப்பது, வெந்நீரில் முக்கி இறகு பறிப்பது, குடல் எடுப்பது ஆகிய அந்த அரை மணி நேரம்தான் ஆபத்து. மஞ்சள் தடவித் தீயில் வாட்டுவது தோலின் மேற்புறத்தைத்தான் சுடும். மஞ்சளுக்கு இந்த வைரஸைக் கொல்லும் வேலை தெரியாது.

எதிர்ப்பு மண்டலம் பிந்தினால்

வைரஸ் நுழைந்த செல்லுக்குள் ரிக்-ஐ போன்ற உணரிகள் அதன் ஆர்என்ஏவை அடையாளம் கண்டுகொள்ளும். உடனே இன்டர்ஃபெரான் வெளியாகும். அது பக்கத்துச் செல்களை எச்சரித்து, வைரஸ் பெருக இடங்கொடாத நிலைக்கு மாற்றும். இந்த முதல் கட்டம் ஒழுங்காக நடந்தால் நோய் அங்கேயே அடங்கிவிடும். வைரஸிடம் இதற்கென்றே என்எஸ்1 என்ற புரதம் இருக்கிறது. அது இன்டர்ஃபெரானை அமுக்கி வைக்கும். அப்படிக் கிடைத்த அவகாசத்தில் வைரஸின் எண்ணிக்கை பலமடங்கு ஏறிவிடுகிறது.

அப்புறம்தான் நுரையீரலில் காவலுக்கு இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் வேலையைத் தொடங்குகின்றன. 1997-ஆம் ஆண்டின் ஹெச்5என்1-ஐ மனித மேக்ரோஃபேஜில் செலுத்திப் பார்த்தபோது, சாதாரண ஃப்ளூ வைரஸுக்கு வந்ததைவிட டிஎன்எஃப்-ஆல்ஃபா மிக அதிகமாகச் சுரந்தது. டிஎன்எஃப், ஐஎல்-6, ஐபி-10 போன்ற இந்தச் செய்திப் பொருள்களுக்குச் சைட்டோகைன்கள் என்று பெயர். ரத்தத்திலிருந்து இன்னும் வெள்ளணுக்களை நுரையீரலுக்கு அழைப்பது அவற்றின் வேலை. வந்த அணுக்களும் சைட்டோகைனைச் சுரக்கும். அது மேலும் அணுக்களை அழைக்கும். கண்மாய் மடையைத் திறந்துவிட்டு, அடைக்க ஆளில்லாமல் போன கதைதான். ரத்தக்குழாய்ச் சுவர் கசிந்து காற்றுப் பைக்குள் நீரும் புரதமும் நிரம்பும். காற்றுப் பை சுருங்கி ஒட்டிவிடாமல் காக்கும் வழவழப்புப் பொருளைச் சுரப்பது இரண்டாம் வகை நியுமோசைட் செல். ஹெச்5என்1 முதலில் அழிப்பது அதைத்தான். ஆகவே பைகளில் பாதி நீரில் மூழ்கும், மீதி சுருங்கும். ஆக்சிஜன் எவ்வளவு கொடுத்தாலும் ரத்தத்தில் ஏறாத நிலை இப்படித்தான் வருகிறது.

வியட்நாமில் நோயாளிகளை ஆராய்ந்தபோது, இறந்தவர்களின் தொண்டையில் வைரஸ் அளவு பிழைத்தவர்களைவிட அதிகமாக இருந்தது. ரத்தத்திலும் வைரஸ் ஆர்என்ஏ அதிகம் பேரிடம் கிடைத்தது. வைரஸ் ஏற ஏறச் சைட்டோகைனும் ஏறியது. சைட்டோகைன் பெருவெள்ளத்தைத் தனி நோயாகப் பார்த்து அதை மட்டும் அடக்கப் பார்ப்பது ஏன் பலிக்கவில்லை என்பதற்கு இதுவே விளக்கம். அடியில் வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும்போது ஸ்டீராய்டு கொடுத்தால் எதிர்ப்பும் தளர்ந்து வைரஸ் நீடிக்கும். ஸ்டீராய்டு இந்த நோயில் வழக்கமான மருந்தாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. கோவிட் அனுபவத்தை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது.

ஆன்டிபாடி முதல் வாரத்தில் எதிர்பார்க்கக் கூடாது. ஹெச்5-ஐ நம் உடம்பு முன்பு பார்த்ததில்லை. இரண்டாம் வாரத்தில்தான் தேவையான அளவு வரும். கடுமையான நோயில் சாவு நேர்வது பெரும்பாலும் ஒன்பது, பத்தாம் நாளை ஒட்டி. இடையில் கைகொடுப்பவை, தொற்றிய செல்லைக் கொல்லும் வெள்ளணுக்களான சிடி8 டி செல்கள். அவை வைரஸின் மேற்பரப்பைப் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும், எல்லா ஃப்ளூவிலும் அதிகம் மாறாத புரதங்களை அடையாளம் காண்கின்றன. பழைய ஃப்ளூவில் பழகிய டி செல்கள் ஓரளவு பயன்படுவது இதனால்தான். ஹெச்7என்9 நோயாளிகளில் சிடி8 செல்கள் சீக்கிரம் கிளம்பியவர்கள் சீக்கிரம் தேறினார்கள்.

வயதும் இதில் விளையாடுகிறது. ஹெச்5என்1 நோயாளிகளில் பிள்ளைகளும் இளையவர்களும் அதிகம். ஹெச்7என்9-ல் முதியவர்கள் அதிகம். ஒருவர் குழந்தைப் பருவத்தில் முதலில் சந்தித்த ஃப்ளூ எதுவோ, அதன் நினைவே எதிர்ப்பு மண்டலத்தில் ஆழமாகப் பதிகிறது. 1968-க்கு முன் பிறந்த ஆச்சிகளும் ஐயாக்களும் சிறுவயதில் பார்த்தது ஹெச்1 அல்லது ஹெச்2. ஹீமக்ளுட்டினின் குடும்பத்தில் இவை ஹெச்5-க்குப் பங்காளிகள். 1968-ல் ஹெச்3 வந்தது. அது ஹெச்7-ன் பக்கம். ஆகவே ஹெச்5 விஷயத்தில் பேரனைவிட ஆச்சிக்குக் கொஞ்சம் கூடுதல் காப்பு இருக்கலாம். இதை நம்பி ஆச்சியையே செத்த கோழியை அள்ளச் சொல்லிவிடாதீர்கள்: சர்க்கரை நோய், இதய நோய், வயோதிகம் எல்லாம் அந்தக் காப்பைத் தின்றுவிடும். அமெரிக்காவில் 2025 ஜனவரியில் ஹெச்5என்1-ஆல் இறந்த முதல் நபர் 65 வயதைத் தாண்டியவர்.

நாள்வாரியாக நோய்

பறவையோடு புழங்கிய 2 முதல் 5 நாளில் அறிகுறி தொடங்கும். அரிதாக 17 நாள் வரை இழுக்கும். கண் வழியாக வந்ததென்றால் ஓரிரு நாளிலேயே கண் உறுத்தல், சிவப்பு, நீர்வடிதல். சீழ் அதிகம் இராது.

கடுமையான வடிவம் 38 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சல், உடம்புவலி, இருமல் என்று சாதாரணமாகத்தான் தொடங்கும். மூக்கொழுகல் குறைவு. வயிற்றுப்போக்கும் வாந்தியும் முந்திக்கொண்டு வந்து ஆளைத் திசைதிருப்புவது உண்டு. நான்கைந்து நாளில் மூச்சு வாங்கும். சளியில் ரத்தம் கலக்கலாம். எக்ஸ்ரேயில் திட்டுத்திட்டாக வெண்மை தெரிந்து, இரண்டு பக்கமும் வேகமாகப் படரும். பிறகு சிறுநீரகம், கல்லீரல் பாதிப்பு.

ரத்தப் பரிசோதனையில் வெள்ளணு குறையும், அதிலும் லிம்ஃபோசைட் நன்றாகக் குறையும், தட்டணு குறையும், கல்லீரல் நொதிகளும், செல்கள் சிதைவதைக் காட்டும் எல்டிஹெச் என்ற நொதியும் ஏறும். லிம்ஃபோசைட்டில் ஒரு பகுதி நுரையீரலுக்குப் போய்விடுகிறது, ஒரு பகுதி செத்துவிடுகிறது. சிலரிடம் மேக்ரோஃபேஜ்கள் எலும்பு மஜ்ஜையில் நம் ரத்த அணுக்களையே விழுங்கத் தொடங்கும். அப்போது இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் பல மடங்கு ஏறியிருக்கும்.

சிவகங்கை மாவட்டத்தில் சிக்கல் வருவது இங்கேதான். பறவைகள் வரும் ஐப்பசி, கார்த்திகைதான் டெங்கு காலமும். காய்ச்சல், வெள்ளணு குறைவு, தட்டணு குறைவு இரண்டிலும் உண்டு. டெங்குவில் இருமலும் மூச்சிரைப்பும் முன்னணியில் இருக்காது. ரத்தம் கெட்டிப்பட்டு ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும். டெங்கு பரிசோதனை நெகட்டிவ், தட்டணு குறைவு, ஐந்தாம் நாளில் ஆக்சிஜன் 94-க்குக் கீழே என்றால், கேட்க வேண்டிய கேள்வி: கடந்த இரண்டு வாரத்தில் வீட்டில் கோழி, வாத்து, காடை, புறா எதுவும் செத்ததா? டாக்டர் கேட்காவிட்டாலும் நோயாளி வீட்டார் தாமாகச் சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு வரி சொல்லப்படாமல் போனால் நோய் பிந்திப் பிடிபடலாம்.

2003 முதல் உலகில் ஹெச்5என்1 உறுதியானவர்கள் 950-க்கு மேல். அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இறந்தார்கள். இந்த விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். லேசாக வந்து போனவர்கள் பரிசோதனைக்கே வந்திருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரி வரை வந்தவர்களுக்கு அது உண்மையான எண்தான்.

மாதிரியும் மருந்தும்

ஹெச்5என்1-ல் மூக்கைவிடத் தொண்டையில் வைரஸ் அதிகம் கிடைக்கும். மூச்சுக்குழாய் ஆழத்திலிருந்து எடுக்கும் சளியில் இன்னும் அதிகம். கண் சிவந்திருந்தால் கண்ணிலும் ஒரு ஸ்வாப். மரக்குச்சியும் பஞ்சும் கூடாது. அவற்றில் உள்ள பொருள்கள் பிசிஆரைக் கெடுக்கும். நைலான் அல்லது டேக்ரான் முனை கொண்ட ஸ்வாபை வைரஸ் கடத்து ஊடகத்தில் போட்டு 2 முதல் 8 டிகிரியில் அனுப்ப வேண்டும். கால் மணி நேரத்தில் கோடு காட்டும் ரேப்பிட் கிட் நெகட்டிவ் என்றால் அதை நம்பிவிடக் கூடாது. பாசிட்டிவ் என்றாலும் பறவை வகையா, ஊர் ஃப்ளூவா என்று அது பிரிக்காது. பிசிஆரில் "இன்ஃப்ளூயன்சா ஏ பாசிட்டிவ், ஹெச்1, ஹெச்3 நெகட்டிவ்" என்று வந்தால் அங்கேயே உஷாராக வேண்டும். உறுதிப்படுத்துவது புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவனம்.

முடிவுக்காகக் காத்திருந்து மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. ஓசெல்டமிவிர், பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, 5 நாள்; நோய் கடுமையென்றால் டாக்டர் 10 நாள் வரை நீட்டுவார். குழந்தைக்கு எடைக்கேற்ப, சிறுநீரகம் பழுதானவர்க்குக் குறைத்து. நியூராமினிடேஸைத் தடுத்து, புது வைரஸ் வெளியேறாதபடி செய்வது இதன் வேலை. ஏற்கெனவே நீர் நிரம்பிய காற்றுப் பையை இது சரிசெய்யாது. அதனால்தான் முதல் 48 மணி நேரம் பொன்னானது. பிந்தி வந்தவர்க்கும் கொடுப்பார்கள், ஏனென்றால் இந்த வைரஸ் ஊர் ஃப்ளூவைவிட நீண்ட நாள் பெருகும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. மேலே பாக்டீரியா ஏறினால் மட்டும். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது.

செத்த கோழியைக் கையாண்டுவிட்டவர் 10 நாள் காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்க வேண்டும். கண்ணையும் கவனிக்க வேண்டும். அறிகுறி வருமுன்பே தடுப்பாக மருந்து தேவையா என்பதைப் பொது சுகாதாரத் துறையினர் முடிவு செய்வார்கள், 104-ல் கேட்கலாம். கையாள்வதைத் தவிர்க்கவே முடியாதபோது கையுறை, என்95 முகக்கவசம், கண்ணாடி மூன்றும் வேண்டும். கண்ணாடியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கண்தான் எளிதான வாசல் என்று மேலே பார்த்தோம். கொட்டிலை முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி எச்சத்தை நீக்கிவிட்டுத்தான் பிளீச்சிங் கரைசல் ஊற்ற வேண்டும். எச்சம் இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிப்போகும்.

அடுப்படியில் விதி எளிது. கறியின் நடுப்பகுதி 70 டிகிரியைத் தாண்டினால் வைரஸ் சாகும். எலும்பு ஒட்டில் ரத்தச் சிவப்பு இல்லாமல் கொதித்த நாட்டுக்கோழிக் குழம்பு அதைத் தாராளமாகத் தாண்டியிருக்கும். ஃப்ரீசரில் வைப்பது கொல்லாது, பாதுகாத்துத்தான் வைக்கும். நோய் பரவும் காலத்தில் ஆஃப்பாயில் வேண்டாம். பெரியபெண் ஆனவளுக்கு நல்லெண்ணெயோடு பச்சை நாட்டுமுட்டை கொடுக்கும் வழக்கம் உள்ள வீடுகள், அந்த மாதங்களில் அதை மஞ்சள்கரு கெட்டியாகும்வரை வேகவைத்துக் கொடுக்கட்டும். சத்து ஒன்றும் போய்விடாது. பச்சைக் கறி நறுக்கும் இடத்தில் சிறுபிள்ளைகளை விடாதீர்கள். ஆந்திரத்தில் 2025 மார்ச்சில் ஹெச்5என்1-ஆல் இறந்த இரண்டு வயதுக் குழந்தை பச்சைக் கோழிக்கறித் துண்டைத் தின்றிருந்ததாகச் செய்தி வந்தது.

ஆண்டுதோறும் போடும் ஃப்ளூ ஊசி ஹெச்5-ஐத் தடுக்காது. கோழி வளர்ப்போரும் கறிக்கடைக்காரர்களும் அதைப் போட்டுக்கொள்வது வேறொரு காரணத்துக்காக. ஃப்ளூ வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் துண்டுகள். ஒரே ஆளின் உடம்பில் ஊர் ஃப்ளூவும் பறவை ஃப்ளூவும் ஒன்றாக இருந்தால் துண்டுகள் மாறிக் கலக்கலாம். 1957, 1968 இரண்டு உலகப் பரவல்களின் வைரஸ்களும் மனித ஃப்ளூவோடு பறவை மரபணுக்கள் இப்படிக் கலந்து பிறந்தவைதாம். ஊசி மழைக்காலம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே போடப்பட்டிருக்க வேண்டும். ஆன்டிபாடி ஏற அவ்வளவு நாள் ஆகும்.